நாய் விடாம சொறியுதா? பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கு.)

இந்த எபிசோடு நாய் வளர்க்கிறவங்களுக்கு. வளர்க்காதவங்களும் கேக்கலாம், ஏன்னா இதுல பாதி டீபக்கிங் பத்தின பேச்சுதான்.

நாய் சாப்பாடு பத்திப் பேசலாம்னு போன தடவை சொன்னதும் வந்த மெசேஜ்ல பெரும்பாலானவை ஒரே கேள்வி. "நாய் விடாம சொறியுது. எந்த ஃபுட் வாங்கணும்?" நிறைய பேர் பாக்கெட்டோட பின்பக்கத்தை போட்டோ எடுத்தே அனுப்பியிருந்தீங்க. ஒருத்தர் எழுதினது மனசுல நின்னுடுச்சு. ஒரு வருஷத்துல அஞ்சு பிராண்டு மாத்திட்டாராம். ராத்திரி முழுக்க டைல்ஸ்ல நகம் தட்டுற சத்தம், யாருக்கும் தூக்கம் இல்லை. வீட்டு ஓனர் "சொறி நாயை வெச்சுக்கிட்டு இங்க இருக்க முடியாது"ன்னு சொல்லிட்டார். அப்பா, எங்கயாவது ஷெல்டர்ல விட்டுடலாம்ங்கிறார்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை, கோடு எழுதுறவன். அதனால மருந்து பேர் எதுவும் சொல்லமாட்டேன். ஆனா ஒரு லிஸ்டைப் படிச்சு, அதுல எது சொல்லப்பட்டிருக்கு, எது மறைஞ்சிருக்குன்னு பாக்கிறது நம்ம தினசரி வேலைதானே. அந்த வேலையை இன்னைக்கு நாய் பாக்கெட் மேல செய்யப்போறோம்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். லேபிளைப் படிச்சு உங்க நாய்க்கு எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கு. அந்த டெஸ்டுக்கு எந்தச் சாப்பாடு லாயக்கு, எது லாயக்கில்லைங்கிறதை லேபிள் சொல்லும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் அஞ்சு பிராண்டு மாத்தியும் அரிப்பு நிக்கமாட்டேங்குது.

முதல்ல, சாப்பாடுதான் காரணமா?

அரிக்கிற நாய்கள்ல சாப்பாட்டு அலர்ஜி உள்ளது ஒரு சிறு பங்குதான். நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடி ஒரு பெரிய க்யூவே நிக்குது. உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோலுக்குள்ள போற சிற்றுண்ணிகள், காதுலயும் விரல் இடுக்குலயும் வர்ற ஈஸ்ட், பாக்டீரியா தொற்று. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல ஈரம் காயாத ரோமத்துக்குள்ள இதெல்லாம் ஜாலியா குடியிருக்கும். அடுத்தது, வீட்டுத் தூசில இருக்கிற மைட்ஸ், மகரந்தம், பூஞ்சை இதுங்களால வர்ற அடோபி. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஃப்ரெஞ்ச் புல்டாக், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி இனங்கள்ல இது அதிகம்.

இடத்தை வெச்சு ஓரளவு யூகிக்கலாம். வால் ஆரம்பிக்கிற இடத்துலயும் இடுப்புலயும் கடிச்சுக்கிட்டே இருந்தா முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. பாதம், காது, அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுத்தின்னு அரிப்பு இருந்து, அது சீசன் பாக்காம வருஷம் முழுக்க ஓடினா சாப்பாட்டைச் சந்தேகப்படலாம். கூடவே அடிக்கடி வயிறு கெடறது, காஸ், வாந்தின்னு இருந்தா சந்தேகம் இன்னும் கூடும். ஆனா அடோபியும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும். ரெண்டுமே ஒரே நாய்க்கு இருக்கவும் செய்யும். பாத்த மாத்திரத்துல பிரிக்க முடியாது.

அதனால பை வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாக்கிறது, டேப் ஒட்டி எடுத்துப் பாக்கிறதுன்னு சின்ன சின்ன டெஸ்ட்டுகள்தான். ஒரு பை இம்போர்ட்டட் ஃபுட்டைவிட செலவு கம்மியாத்தான் ஆகும். ஈஸ்ட் தொற்றை அப்படியே விட்டுட்டு சாப்பாட்டை மாத்தினா, சாப்பாடு சரியா தப்பான்னு கடைசி வரைக்கும் தெரியாது. இரைச்சல் நிறைஞ்ச லாக்ல பக் தேடற மாதிரி ஆயிடும்.

எந்தப் பொருள் சந்தேகத்துக்குரியது?

2016ல முல்லர், ஆலிவ்ரி, ப்ரெலோங்கிற மூணு தோல் நிபுணர்கள் அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பாத்தாங்க. சாப்பாட்டு அலர்ஜி உறுதியான 297 நாய்கள். அதுல மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, சிக்கன் 15, கோதுமை 13, ஆட்டுக்கறி 5 சதவீதம். அரிசி வெறும் 2.

இந்த எண்களை கவனமா படிக்கணும். இது மாட்டிறைச்சி கெட்டதுன்னு சொல்ற பட்டியல் கிடையாது. நாய்கள் அதிகமா சாப்பிடற பொருட்கள்தான் மேல நிக்குது. அலர்ஜி வரணும்னா உடம்பு அந்தப் புரதத்தை முன்னாடியே சந்திச்சிருக்கணும். மேற்கு நாட்டு நாய் மாட்டிறைச்சியில வளருது. நம்ம வீட்டு நாய் சிக்கன் சாதம், முட்டை, தயிர் சாதம், மேரி பிஸ்கெட்ல வளருது. நம்ம சந்தேகப் பட்டியலை நம்ம வீட்டுத் தட்டுலேர்ந்துதான் எழுதணும்.

இன்னொண்ணு. அரிசியும் சோளமும் பட்டியல்ல அடியில இருக்கு பாருங்க. ஆனா அரிப்புன்னு சொன்ன உடனே கடைக்காரர் நீட்டறது "கிரெயின் ஃப்ரீ" பையைத்தான். தானியத்தை எடுத்துட்டு பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு போட்டிருப்பாங்க. சிக்கன் அப்படியே இருக்கும். பிரச்சினை சிக்கன்னா, காசு கூடினது மட்டும்தான் மிச்சம். அதுமட்டுமில்ல, 2018 ஜூலைல அமெரிக்க எஃப்டிஏ, பட்டாணி, பருப்பு வகைகள் தூக்கலா இருக்கிற சாப்பாட்டுக்கும் நாய்களோட இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு விசாரிக்கறதா அறிவிச்சது. காரணம் இதுதான்னு இன்னும் நிரூபணம் ஆகலை. பயப்பட வேண்டாம். ஆனா அரிப்புக்குன்னு மட்டும் தானியத்தைத் தூக்க உருப்படியான காரணமும் இல்லை.

இப்ப பையைத் திருப்புங்க

முன்பக்கம் இருக்கிறது விளம்பரம். பெரிய எழுத்துல "லாம்ப் அண்ட் ரைஸ்". அமெரிக்காவுல பேர் வைக்கவே ஒரு கணக்கு இருக்கு. "வித் லாம்ப்"னு போட 3 சதவீதம் லாம்ப் இருந்தா போதும். "லாம்ப் டின்னர்"னு போட 25 சதவீதம். "லாம்ப் ஃப்ளேவர்"னா அந்தச் சுவை தெரியற அளவுக்கு இருந்தாலே போதும், குறைந்தபட்ச அளவுன்னு ஒண்ணு கிடையாது. நம்ம கடையில தொங்கற இம்போர்ட்டட் பைகள்லயும் இதே வார்த்தைகளைப் பாக்கலாம். அதனால பேரை விட்டுட்டு நேரா பின்னாடி போங்க.

ஒண்ணு, வரிசை. பொருட்கள் எடை அதிகமானதுலேர்ந்து குறைவானதுக்கு எழுதப்பட்டிருக்கும். ஆனா அது சமைக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற எடை. ஃப்ரெஷ் சிக்கன்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணி. 30 கிலோ ஃப்ரெஷ் சிக்கனும் 25 கிலோ அரிசியும் போட்டா லிஸ்ட்ல சிக்கன்தான் முதல்ல வரும். காய்ஞ்சதுக்கு அப்புறம் சிக்கன் 9 கிலோ, அரிசி சுமார் 22 கிலோ. "சிக்கன் மீல்"ங்கிறது ஏற்கனவே தண்ணி எடுத்த பொடி. கேக்க மட்டமா இருக்கலாம், ஆனா எடைக்கு எடை அதுலதான் புரதம் அதிகம்.

ரெண்டு, பிரிச்சு எழுதறது. மக்காச்சோளம், சோள மாவு, சோள குளூட்டன்னு மூணு இடத்துல இருந்தா மூணையும் கூட்டிப் பாருங்க. தனித்தனியா கீழ இருக்கும், சேர்த்தா முதலிடத்துக்கு வந்துடும்.

மூணு, ஒளிஞ்சிருக்கிற புரதம். அரிப்பு விஷயத்துல இதுதான் ரொம்ப முக்கியம். "லாம்ப்" பையில "பவுல்ட்ரி மீல்" இருக்கா? "ஃபிஷ்" பையில "ஹைட்ரோலைஸ்டு சிக்கன் லிவர்" இருக்கா? வாசனைக்காக உருண்டை மேல ஸ்ப்ரே பண்றது அது. "மீட் மீல்", "அனிமல் டைஜெஸ்ட்", "மீட் அண்ட் அனிமல் டெரிவேட்டிவ்ஸ்"னு இருந்தா எந்த மிருகம்னே தெரியாது. சாதாரண நாய்க்கு இதனால ஆபத்து ஒண்ணுமில்லை. டெஸ்ட்ல இருக்கிற நாய்க்கு அந்தப் பை லாயக்கில்லை. டிபெண்டன்சி லிஸ்ட்ல "மத்தவை"ன்னு ஒரு வரி இருந்தா அந்த பில்டை நம்புவீங்களா?

நாலு, சதவீதம். டிரை ஃபுட்ல புரதம் 24, வெட் ஃபுட்ல 8ன்னு போட்டிருக்கும். நேரடியா ஒப்பிடாதீங்க, தண்ணியைக் கழிக்கணும். டிரை ஃபுட்ல ஈரம் 10 சதவீதம்னா 24ஐ 90ஆல வகுங்க, கிட்டத்தட்ட 27 சதவீதம் வரும். வெட் ஃபுட்ல ஈரம் 80ன்னா 8ஐ 20ஆல வகுங்க, 40 வரும். குட்டி பாக்கெட்தான் முன்னாடி நிக்குது.

அஞ்சு, கொழுப்பு. தோலோட பாதுகாப்புச் சுவருக்கு ஒமேகா-6ம், வீக்கத்தைத் தணிக்க ஒமேகா-3ம் உதவும். ஒமேகா-3 எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. மீன் எண்ணெய்ல இபிஏ, டிஹெச்ஏ நேரடியாவே இருக்கு. ஆளி விதையில இருக்கிறதை நாய் உடம்பு அந்த வடிவத்துக்குக் கொஞ்சம்தான் மாத்தும். இது அரிப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், அலர்ஜியைத் தீர்க்காது.

லேபிளும் சொல்லாத விஷயம்

2013ல இத்தாலியில ஒரு குழு, இந்த மாதிரி டெஸ்டுக்குன்னு பயன்படுற 12 டிரை ஃபுட்களை லேப்ல சோதிச்சாங்க. 10ல லேபிள்ல சொல்லாத மிருகப் பொருள் இருந்தது. ஒரே மெஷின்ல சிக்கன் ஃபுட் ஓடி முடிஞ்சதும் ஃபிஷ் ஃபுட் ஓடினா ஒட்டிட்டு வரத்தானே செய்யும். ஏமாத்தணும்னு யாரும் நினைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

அதனாலதான் கடையில வாங்குற "சிங்கிள் புரோட்டீன்" பையை வெச்சு டெஸ்ட் பண்ண டாக்டர்கள் தயங்கறாங்க. அவங்க சொல்ற வழி ரெண்டு. ஒண்ணு, ஹைட்ரோலைஸ்டு டயட். புரதத்தை ரொம்பச் சின்னத் துண்டுகளா உடைச்சு, எதிர்ப்பு சக்தி அடையாளம் கண்டுபிடிக்க முடியாத மாதிரி செஞ்சிருப்பாங்க. இன்னொண்ணு, வீட்டுச் சமையல். இதுவரை நாய் சாப்பிடவே சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து. உதாரணமா மீனே தொடாத நாய்க்கு மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, ரெண்டும் நாய்க்கு விஷம். சிக்கனைச் சந்தேகப்பட்டுட்டு காடைக்கு மாறாதீங்க, மாட்டிறைச்சியைச் சந்தேகப்பட்டுட்டு மட்டனுக்கு மாறாதீங்க. ஒரே குடும்பத்து மிருகங்களோட புரதம் ஒத்துப்போகலாம். குட்டி நாய்க்கு வீட்டுச் சமையல்ல கால்சியம் மாதிரி சத்துக்கள் குறையும், டாக்டர் கணக்குப் போட்டுத் தராம ஆரம்பிக்காதீங்க.

"முடியை அனுப்புங்க, அலர்ஜி லிஸ்ட் தர்றோம்"னு ஆன்லைன்ல விளம்பரம் வருதே? அமெரிக்காவுல ரெண்டு தோல் டாக்டர்கள் அந்த மாதிரி ஒரு டெஸ்டுக்கு பொம்மை நாயோட முடியையும், எச்சிலுக்குப் பதிலா உப்புத் தண்ணியையும் அனுப்பிப் பாத்தாங்க. அதுக்கும் அலர்ஜி ரிப்போர்ட் வந்தது. இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை.

எட்டு வாரம்

டெஸ்ட் எளிமையானது, செய்யறதுதான் கஷ்டம். எட்டு வாரம் அந்த ஒரே சாப்பாடு, வேற எதுவும் கிடையாது. ஏன் எட்டு? ஒத்துக்காத பொருளை நிறுத்தினதும், சாப்பாட்டு அலர்ஜி உள்ள நாய்கள்ல 80 சதவீதத்துக்கு மேல அஞ்சாவது வாரத்துக்குள்ளயும், 90 சதவீதத்துக்கு மேல எட்டாவது வாரத்துக்குள்ளயும் தேறுதுன்னு 2015ல வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லுது. மூணு வாரத்துல "வேலை செய்யலை"ன்னு பிராண்டை மாத்தினா, சரியான சாப்பாட்டையே தூக்கிப் போட்டிருக்க வாய்ப்பிருக்கு.

தாம்பரத்துல எங்க அக்கா வீட்டு லட்டுவைப் பத்திச் சொல்றேன். மூணு வயசு லாப்ரடார். காது சிவந்து, பாதத்தை நக்கி நக்கி ரோமமே செம்பழுப்பு ஆயிடுச்சு. ஒரு வருஷமா அக்காவும் மாமாவும் "நோ சிக்கன்"னு தேடித் தேடி வாங்கினாங்க. டாக்டர் முதல்ல காது ஈஸ்ட்டைச் சரி பண்ணினார். அப்புறம் ஒரு ஹோம்வொர்க் குடுத்தார். ஒரு வாரம் அது வாய்க்குள்ள போற எல்லாத்தையும் எழுதுங்கன்னார்.

பதினாலு ஐட்டம் வந்தது. பைக்குள்ள இருக்கிறது அதுல ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கறிச்சோறு, முட்டை, டீ நேரத்து மேரி பிஸ்கெட், பல்லுக்கான ச்யூ, கால்சியம் சிரப், மாட்டிறைச்சி ஃப்ளேவர் போட்ட மாசாந்திர மாத்திரை, வாட்ச்மேன் அண்ணா பாசமா போடற பொறை, மத்தியானம் பாட்டி ஊட்டற ரெண்டு உருண்டை தயிர் சாதம்.

எல்லாத்தையும் நிறுத்தினாங்க. மாத்திரையை ஃப்ளேவர் இல்லாததா டாக்டரே மாத்திக் குடுத்தார். ட்ரீட் வேணும்னா அதே ஹைட்ரோலைஸ்டு உருண்டையைத் தனி டப்பாவுல போட்டு, அதுலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. வாட்ச்மேன் அண்ணாகிட்டயும் ஒரு குட்டி டப்பா. தினமும் ராத்திரி அரிப்புக்கு பத்துக்கு எத்தனைன்னு அக்கா ஷீட்ல போட்டா. மூணு வாரம் 8, 8, 7. அக்கா நொந்துட்டா. அஞ்சாவது வாரம் 4. எட்டாவது வாரம் 2. நகச் சத்தம் இல்லாத ராத்திரி எப்படி இருக்கும்னு அந்த வீட்டுக்கு அப்பதான் ஞாபகம் வந்தது.

இங்கதான் பெரும்பாலானவங்க நிறுத்திடுவாங்க. நிறுத்தக்கூடாது. அரிப்பு குறைஞ்சது சாப்பாட்டாலயா, மருந்தாலயா, வெயில் போய் மழை வந்ததாலயா? தெரியணும்னா பக்கைத் திரும்ப வரவெச்சுப் பாக்கணும். டாக்டரைக் கேட்டுட்டு பழைய சாப்பாடு எல்லாத்தையும் திரும்பக் குடுத்தாங்க. நாலாவது நாள் 7. ஆக, காரணம் சாப்பாடுதான். மறுபடி டெஸ்ட் டயட்டுக்குப் போய், அரிப்பு அடங்கினதும், ஒவ்வொரு பொருளா ரெண்டு ரெண்டு வாரம். சிக்கன், ஒண்ணும் ஆகலை. முட்டை, ஒண்ணும் ஆகலை. கோதுமை, ஒண்ணும் ஆகலை. தயிர் குடுத்த மூணாவது நாள் காது சிவந்துடுச்சு.

ஒரு வருஷமா குற்றவாளிக் கூண்டுல நின்ன சிக்கன் நிரபராதி. பாட்டிதான் ரெண்டு நாள் சரியாப் பேசலை. "ஆசையாத்தானே ஊட்டினேன்"னு மட்டும் சொன்னாங்க. அக்கா வேற எதுவும் சொல்லாம, வேகவெச்ச சர்க்கரைவள்ளிக்கிழங்கை ரெண்டு வாரம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, கிண்ணத்துல போட்டு பாட்டி கையில குடுத்தா. இப்ப மத்தியான உருண்டை அதுதான். லட்டு அதே இடத்துல அதே நேரத்துக்குப் போய் உக்காருது.

இது ஒரு நாயோட ரிசல்ட். தயிரை நிறுத்தினா உங்க நாய்க்கும் சரியாயிடும்னு எடுத்துக்காதீங்க. எடுத்துக்கவேண்டியது முறையை.

ரிசல்ட் எதிர்மறையா வந்தா?

எட்டு வாரம் ஒழுங்கா செஞ்சும் அரிப்பு அப்படியே இருந்தா, அதுவும் உருப்படியான ரிசல்ட்தான். சாப்பாட்டை சந்தேகப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டு, டாக்டர் அடோபி பக்கம் போகலாம். அதைக் கட்டுப்படுத்த நல்ல சிகிச்சைகள் இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் புதுப் பை வாங்கற செலவு மிச்சம். நீங்களா ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க. எட்டு வாரத்துக்கு நடுவுல வேப்பிலை, மஞ்சள், புது ஷாம்பூன்னு எதையும் புதுசா சேர்க்காதீங்க. நாலு மாற்றத்தை ஒரே நாள்ல டெப்ளாய் பண்ணா எது வேலை செஞ்சதுன்னு யாருக்குமே தெரியாது.

இன்னைக்கே செய்ய ஒரு வேலை. ஃபிரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டுங்க. வீட்ல யார் எது குடுத்தாலும் அதுல எழுதணும், வேலைக்கு வர்ற அக்கா, பக்கத்து வீட்டுக் குழந்தை உள்பட. ஒரு வாரம் கழிச்சு அந்தப் பேப்பரையும், பாக்கெட்டோட பின்பக்க போட்டோவையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. ஓனர்கிட்டயோ அப்பாகிட்டயோ பேசவேண்டிய நிலைமை இருந்தா, எட்டு வாரம் டைம் கேளுங்க. தேதி போட்டுக் கேட்டா பெரும்பாலும் குடுப்பாங்க.

உங்க லிஸ்ட்ல எத்தனை ஐட்டம் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. லட்டுவோட பதினாலை யாராவது தாண்டறீங்களான்னு பாப்போம்.